மருந்து வேறு, சக்கை வேறு

அனுப்புநர்
க. சௌதாமினி,
(நோயாளி பவித்ரனின் மனைவி, அவருக்குள் இப்போது இருக்கும் சிறுநீரகத்தின் முந்தைய உரிமையாளர்)
ஆலக்கண்டி வீடு, முண்டியக்கால் அஞ்சல்,
கைதக்கடவு வழி, கேரளம்.

பெறுநர்
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
அரசு சிறுநீரக மாற்றுச் சிகிச்சை மையம்,
கைதக்கடவு.

பொருள்: என் கணவர் பவித்ரனின் ரத்தத்தை உரிய நேரத்தில் எடுத்து, அதில் உள்ள மருந்தை உரிய கருவியில் அளக்கவும், அதுவரை மருந்தை மேலும் குறைக்காமல் இருக்கவும் வேண்டுவது – தொடர்பாக.

பார்வை:
1. சென்ற ஓணத்துக்கு முன் நான் கொடுத்த மனு.
2. விஷு கழிந்து நான் கொடுத்த மனு.
3. இவ்விரண்டுக்கும் பதிலாகக் கிடைத்த நாற்காலிகள்.

மதிப்புக்குரிய ஐயா,

1. இது என் மூன்றாவது மனு. நான்காவது எழுத எனக்குத் தெம்பு இருக்காது என்பதால் இதில் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். சற்று நீண்டால் பொறுத்தருள வேண்டும்.

2. தங்கள் மையத்தில்தான் என் இடது சிறுநீரகத்தை எடுத்து என் கணவருக்கு வைத்தார்கள். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. கொடுத்ததைச் சொல்லிக் காட்டும் பழக்கமும் எனக்கு இல்லை. மீன் குழம்பில் புளி போதவில்லை என்று அவர் முகம் சுளிக்கும்போது மட்டும் ஓரிரு முறை சொல்லியிருக்கிறேன். அறுவை முடிந்து நான்கு ஆண்டுகள் அவர் நன்றாகவே இருந்தார். சைக்கிள் ஓட்டினார், தென்னைக்கு உரம் வைத்தார், பக்கத்து வீட்டாரோடு வேலிச் சண்டை கூடப் போட்டார்.

3. மாற்று உறுப்பை உடம்பு எப்போதும் அந்நியனாகவே பார்க்கும் என்பதும், அந்த எதிர்ப்பை அடக்கிவைக்க வாழ்நாள் முழுக்கக் காலையும் இரவும் மாத்திரை விழுங்க வேண்டும் என்பதும் தங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் என் முந்தைய மனுக்கள் போய்ச் சேர்ந்த இடங்களைப் பார்த்தால், இதை யார் பிரித்துப் படிப்பார்களோ என்ற ஐயம் இருப்பதால் விளக்கி எழுதுகிறேன். என் கணவர் உண்ணும் மருந்தின் பெயர் மைக்கோஃபினோலேட். அது ரத்தத்தில் கூடினால் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வரும். குறைந்தால் உடம்பு சிறுநீரகத்தைத் தாக்கிவிடும். ஆகவே அவ்வப்போது ரத்தம் எடுத்து, அதைச் சுழற்றித் தெளிய வைத்து, மேலே நிற்கும் மஞ்சள் நீரில் மருந்து எவ்வளவு என்று அளக்கிறார்கள். அந்த எண்ணைப் பார்த்துத்தான் மருத்துவர் மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும். எங்கள் இருவரின் வாழ்க்கையும் அந்த ஓர் எண்ணின் மேல்தான் நிற்கிறது.

4. என் கணவரைப் பற்றிச் சொல்லாமல் அடுத்ததைச் சொல்ல முடியாது. அவர் ரயில்வேயில் கேட் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டி வருகிறது என்றால் ஸ்டேஷனும் கேட்டும் தொலைபேசியில் எண் மாற்றிக்கொள்ள வேண்டும். எண் வராமல் இவர் கேட்டை அடைக்கவும் மாட்டார், திறக்கவும் மாட்டார். எங்கள் கல்யாணத்தன்று மாப்பிள்ளை கார் கேட்டில் மாட்டிக்கொண்டது. முகூர்த்தம் தப்புகிறதே, வேலையில் இருப்பவர் உங்கள் கூட்டாளிதானே, திறக்கச் சொல்லுங்கள் என்று என் அண்ணன் மன்றாடினார். இவர் காருக்குள் மாலையோடு உட்கார்ந்தபடி, "சரக்கு வண்டி இன்னும் போகலையே" என்றாராம். தாலி ஏறும்போது முகூர்த்தம் முடிந்திருந்தது.

5. இப்படிப்பட்டவரிடம் தங்கள் மையத்தின் செவிலியர் லிஸ்ஸம்மா, வீட்டுக்கு அனுப்பும் நாளில் சொன்னதை அப்படியே தருகிறேன்: "சேட்டா, கல்யாணத்துக்குப் போனாலும் சரி, சாவுக்குப் போனாலும் சரி, எட்டு மணின்னா எட்டு மணி. நேரம் தவறுச்சோ, சேச்சி குடுத்த கிட்னி கோவிச்சுக்கிட்டுப் போயிரும். அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது." லிஸ்ஸம்மா நல்ல மனதோடுதான் சொன்னார். எல்லா நோயாளிகளிடமும் இதையேதான் சொல்கிறார். அன்று முதல் என் கணவர் எட்டு மணியைத் தவறவிட்டதில்லை. விழுங்கிவிட்டு, "கேட் அடைச்சாச்சு" என்று ஒரு முறை சொல்லவும் செய்வார்.

6. இனி என் புகாருக்கு வருகிறேன். மருந்தின் அளவு பார்க்கும் ரத்தத்தை மாத்திரை விழுங்குவதற்கு முன் எடுக்க வேண்டும். விழுங்கிய பின் எடுத்தால் அப்போதுதான் வயிற்றில் இறங்கிய மருந்து ரத்தத்தில் ஏறி நிற்கும். எண் பொய் சொல்லும். இதைத் தங்கள் மருத்துவர்களே சொல்கிறார்கள். ஆனால் ரத்தம் எடுக்கும் கவுண்டர் திறப்பது ஒன்பதரை மணிக்கு.

7. வியாழக்கிழமைகளில் தங்கள் மையத்தின் முதல் தள வராந்தாவைத் தாங்கள் காலை எட்டு மணிக்குப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். தயவுசெய்து ஒரு நாள் வந்து பாருங்கள். முதல் வண்டிக்கும் முதல் பேருந்துக்கும் கிளம்பி வந்தவர்கள் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். எட்டு அடித்ததும் அத்தனை பேருடைய கைபேசியும் ஒன்றாக அலறும். ஒன்றில் ஐயப்பன் பாட்டு, ஒன்றில் சினிமாப் பாட்டு, ஒன்றில் சேவல் கூவல். மீன் ஏலக்காரர் ஹம்சக்கோயா என் கணவரைப் பார்த்து, "கேட் மாஸ்டரே, வண்டி வந்தாச்சு!" என்று சத்தம் போடுவார். எல்லோரும் சிரித்துக்கொண்டே டப்பாவைத் திறந்து மாத்திரையை விழுங்குவார்கள். தண்ணீர் இல்லாதவருக்குப் பக்கத்தில் இருப்பவர் கொடுப்பார். பிறகு மருந்தின் அளவு பார்க்க ஒன்பதரைக்கு ஒழுங்காகக் கையை நீட்டுவார்கள். நேரம் தவறக் கூடாது என்று தங்கள் மையம் சொன்னதைக் கேட்டு நடக்கும் நல்ல பிள்ளைகளின் எண்தான் பொய்யாகிறது. மறதிக்காரர்களின் எண் ஒருவேளை சரியாக இருக்கலாம்.

8. கவுண்டரை எட்டுக்கு முன்பாகத் திறக்க வேண்டும் என்று என் முதல் மனுவில் கேட்டேன். நோயாளிகள் நெடுநேரம் காத்திருப்பது கனிவுடன் பரிசீலிக்கப்படுவதாகப் பதில் வந்தது. இரண்டாவது மனுவுக்குப் பின் வராந்தாவில் புதிய நாற்காலிகளும் ஒரு மின்விசிறியும் வந்தன. நன்றியோடுதான் சொல்கிறேன், நாற்காலிகள் வசதியாக உள்ளன. இப்போது எல்லோரும் சாய்ந்து உட்கார்ந்து மாத்திரை விழுங்குகிறார்கள்.

9. சென்ற ஆண்டிலிருந்து என் கணவரின் எண் கூடிக்கொண்டே வருகிறது. மருத்துவர் விபின் குரியாக்கோஸ் இரு முறை மாத்திரையைக் குறைத்தார். மாத்திரையைக் குறைத்தும் எண் குறையவில்லை. ஆனால் சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் கிரியாட்டினின் ஏறியது. மாலையானால் அவர் கால் வீங்குகிறது. செருப்பு வார் பதிந்த தடம் காலை வரை மறைவதில்லை. சைக்கிளைத் தொடுவதில்லை. வேலிச் சண்டைக்கும் போவதில்லை. பக்கத்து வீட்டுக்காரரே வந்து என்ன உடம்புக்கு என்று விசாரிக்கிறார்.

10. ஹம்சக்கோயாவின் எண்ணும் இப்படித்தான் கூடிக்கொண்டே போனது. அவருக்கும் மருந்தைக் குறைத்தார்கள். அவர் இப்போது முதல் தளத்துக்கு வருவதில்லை. தங்கைக்காரி கொடுத்த சிறுநீரகம் போய், தரைத்தளத்து டயாலிசிஸ் பிரிவில் வாரம் மூன்று முறை படுத்திருக்கிறார். நோன்பு மாதத்தில் பேரீச்சம்பழம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் என்னிடம் கேட்டது: "வர்றப்பல்லாம் கூடுதல், கூடுதல்னாங்க சேச்சி. அவ்வளவு கூடுதலா இருந்த மருந்து, கிட்னிய ஏன் காப்பாத்தல?" அந்தக் கேள்வியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அது என்னைத் தூங்க விடுவதில்லை.

11. இந்தச் சமயத்தில்தான் தங்கள் மையத்தின் மூன்றாம் தளத்திலிருந்து ஒருவர் என் கணவரைத் தேடி வந்தார். இதே மருந்தையும், உடம்பு அதை உபயோகித்து முடித்த பின் அது மாறும் பொருள்களையும் மனித ரத்தத்தின் தெளிநீரில் தனித்தனியாக அளக்கும் ஆராய்ச்சி அங்கே நடக்கிறதாம். ரத்தம் தர முடியுமா என்று கேட்டார். அவர் ஆணா பெண்ணா என்பதைக் கூட நான் எழுதப் போவதில்லை. அவரைத் தேட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

12. ஆராய்ச்சி நாளன்று ஏழரைக்கே வரச் சொன்னார்கள். மாத்திரை விழுங்காமல் வரச் சொன்னார்கள். என் கணவர், "இது என்ன புதுச் சட்டம்?" என்று முரண்டு பிடித்தார். எட்டுக்குள் ரத்தம் எடுத்துவிட்டு எட்டுக்கு நாங்களே விழுங்க வைக்கிறோம் என்ற பிறகுதான் ஒப்புக்கொண்டார். அப்படியே எட்டுக்குள் ஊசி போட்டு எடுத்தார்கள், எட்டுக்கு அவர் விழுங்கினார். ஆக, இந்தக் கட்டிடத்தில் எட்டு மணிக்கு முன் ரத்தம் எடுக்க முடியும். ஆராய்ச்சிக்கு முடிகிறது, சிகிச்சைக்கு முடியவில்லை. அப்போது என் கணவர் பெருமையாக, "கீழ எடுக்கறப்பவும் நான் எட்டு தவறுனதில்ல. முழுங்கிட்டுத்தான் கையக் காட்டுவேன்" என்றார். அந்த நபர் கையில் இருந்த ரத்தக் குழாயைத் தட்டில் வைத்துவிட்டு, "ஒவ்வொரு தடவையுமா?" என்றார்.

13. சில வாரம் கழித்து அதே நபரை மருந்துக் கடை வரிசையில் பார்த்தேன். முடிவு என்ன என்று கேட்டேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "சேச்சி, நான் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லக் கூடாது, சொல்லவும் இல்ல. டாக்டர்கிட்ட மட்டும் ஒண்ணு கேளுங்க. கீழ வர்ற எண்ணுல மருந்து எவ்வளவு, மருந்தோட சக்கை எவ்வளவுன்னு." சொல்லிவிட்டு வாங்க வந்த மருந்தை வாங்காமலே போய்விட்டார். அவர் கண் கலங்கியிருந்தது போல எனக்குப் பட்டது. கடை விளக்கின் வெளிச்சமாகவும் இருக்கலாம்.

14. கேட்டேன், ஐயா. பலரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், தவறிருந்தால் திருத்துங்கள். மருந்து வேலை செய்து முடித்ததும் சக்கையாகிறது. அந்தச் சக்கையை வெளியேற்றுவது சிறுநீரகம். சிறுநீரகம் தளர்ந்தால் சக்கை ரத்தத்திலேயே தங்கும். கீழ்த்தள ஆய்வகத்தில் உபயோகிக்கும் முறை, அந்தச் சக்கையில் ஒரு பகுதியையும் மருந்து என்றே எண்ணிக்கொள்ளும். அலுவலகத்தில் ஓய்வு பெற்றுப் போனவர்களையும் சேர்த்து வருகைக் கணக்கு எடுத்துவிட்டு, ஆள் அதிகம் என்று இருப்பவர்களில் சிலரை வீட்டுக்கு அனுப்புவது போல. மருந்தைக் குறைத்தால் சிறுநீரகம் இன்னும் தளரும். தளர்ந்தால் சக்கை இன்னும் கூடும். கூடினால் எண் கூடும். எண் கூடினால் மருந்தை இன்னும் குறைப்பார்கள். ஹம்சக்கோயாவின் கேள்விக்கு இதுதான் பதிலோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது?

15. மருந்தையும் சக்கையையும் பிரித்து அளக்கும் கருவி அந்த மூன்றாம் தளத்தில் இருக்கிறது. அமைச்சர் வந்து ரிப்பன் வெட்டிய நாளில் நோயாளிகளின் சார்பில் பூச்செண்டு கொடுத்தது என் கணவர்தான். எங்களுக்காக வந்த கருவி என்றுதான் அன்று மேடையில் சொன்னார்கள்.

16. மருத்துவர் விபின் குரியாக்கோஸ் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வரிசை எவ்வளவு நீளமானாலும் முகம் பார்த்துப் பேசுகிறவர். அவர் சொன்னது: "சௌதாமினி சேச்சி, என் மேசைக்கு என்ன எண் வருதோ அதை வெச்சுத்தான் நான் வைத்தியம் பண்ண முடியும். மேல நடக்கறது ஆராய்ச்சி. அந்த எண் எனக்கு வராது, நான் கேக்கவும் கூடாது. இது கூடுதலா இருக்கறப்ப நான் பேசாம இருந்து நாளைக்கு அவருக்கு ஏதாவது தொற்று வந்துச்சுன்னா?" அவர் சொல்வதும் நியாயம். மாத்திரைக்கு முன்பே ரத்தம் கொடுங்கள் என்றும் சொன்னார். ஒன்பதரை வரை விழுங்காமல் இருக்கலாமா என்று லிஸ்ஸம்மாவிடம் கேட்டேன். "அரை மணிக்கு மேல தள்ளக் கூடாது சேச்சி, எனக்குக் குடுத்திருக்கற சட்டம் அது" என்றார். அவர் சொல்வதும் நியாயம். கவுண்டரில் இருக்கும் சஜீவன், தன் கைரேகை பதிந்த பிறகே கணினி திறக்கும் என்றார். அதுவும் நியாயம்தான். இந்தக் கட்டிடத்தில் எல்லோரும் நியாயமாக இருக்கிறார்கள். என் கணவரின் சிறுநீரகம் மட்டும் போய்க்கொண்டிருக்கிறது.

17. நீங்களாவது ஒன்பதரை வரை பொறுத்தால் என்ன என்று என் கணவரிடம் கெஞ்சினேன். சண்டையும் போட்டேன். "ரெண்டு சிக்னல் ரெண்டு நிறத்துல எரிஞ்சா வண்டி நிக்கணும். அதான் சட்டம். டாக்டர் ஒண்ணு சொல்றாரு, சிஸ்டர் ஒண்ணு சொல்றாங்க. நான் முதல்ல வந்த உத்தரவுல நிக்கறேன்" என்றார். என் சிறுநீரகத்தை வைத்துக்கொண்டு எனக்கே சட்டம் பேசுகிறார். கோபம் வருகிறது ஐயா. கோபப்பட்டுத் திரும்பினால் வீங்கிய காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்துக்கொண்டு, மறுநாள் மாத்திரையைப் பார்த்துப் பார்த்து டப்பாவில் போட்டுக்கொண்டிருப்பார்.

18. வரும் வியாழக்கிழமை மறுபடி ரத்தம். எண் குறையாவிட்டால் மூன்றாவது முறையாகக் குறைக்க வேண்டியிருக்கும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். எண் குறையாது. எட்டுக்கு விழுங்கிவிட்டுக் கை நீட்டினால் எப்படிக் குறையும்? ஆகவே தங்களிடம் பணிந்து கேட்டுக்கொள்வது:

(அ) வியாழக்கிழமைகளில் எட்டு மணிக்கு முன் கவுண்டரில் ஓர் ஆள் இருக்க வேண்டும். என் கணவருக்கு மட்டும் அல்ல, அந்த வராந்தாவில் சேவல் கூவும் எல்லோருக்கும்.

(ஆ) "ரத்தம் கொடுக்கும் நாளில், கொடுத்த பிறகே மாத்திரை" என்று தங்கள் கையெழுத்தும் முத்திரையும் உள்ள ஓர் உத்தரவு என் கணவர் பெயருக்கு வேண்டும். அதில் தயவுசெய்து உத்தரவு எண் இடுங்கள். எண் இல்லாவிட்டால் அவர் ஏற்க மாட்டார்.

(இ) அவர் ரத்தத்தை மூன்றாம் தளத்துக் கருவியில், ஆராய்ச்சியாக இல்லாமல் சிகிச்சையாக அளந்து, மருந்து வேறு சக்கை வேறாக மருத்துவர் மேசைக்கு அனுப்ப வேண்டும். ஏற்கனவே அளந்த எண்ணைத் தர விதி இல்லையென்றால் அதை நான் கேட்கவில்லை. புதிதாக அளக்க எந்த விதியும் தடுக்காது என்று நம்புகிறேன். அளந்து பார்த்து நான் நினைத்ததே தவறு, மருந்துதான் கூடுதல் என்று வந்தால், நான்காவது மனு எழுத மாட்டேன். மன்னிப்புக் கடிதம் எழுதுவேன்.

(ஈ) அந்த எண் வரும் வரை மாத்திரையைக் குறைக்க வேண்டாம்.

19. இன்னொன்றைக் கொடுக்க எனக்கு மனம் உண்டு. ஆனால் மீதமுள்ள ஒன்றைக் கொண்டுதான் நான் வாழ வேண்டும் என்பதை அன்று தங்கள் அலுவலகமே எனக்கு மூன்று முறை விளக்கிச் சொல்லி, புரிந்தது என்று வாய்விட்டுச் சொல்லவும் வைத்தது. எனக்குப் புரிந்தது. தங்கள் மையத்துக்கும் அது நினைவிருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

20. நேற்று இந்த மனுவை என் கணவரிடம் படித்துக் காட்டினேன். கல்யாணக் கார் கதையை எடுத்துவிடச் சொன்னார். எடுக்கவில்லை. பிறகு சொன்னார்: "உத்தரவு வந்தா ஒன்பது என்ன, பத்து ஆனாலும் வாயைத் திறக்க மாட்டேன். வரலேன்னா எட்டுக்கு முழுங்கிருவேன். நீ அழுது பிரயோஜனம் இல்ல." அவர் சொன்னால் சொன்னதுதான். வியாழக்கிழமை விடிந்ததும் நாங்கள் முதல் பேருந்தில் வந்து தங்கள் புதிய நாற்காலியில் உட்கார்ந்திருப்போம். கையில் மாத்திரை இருக்கும். எட்டு மணிக்கு அவர் என்ன செய்வார் என்பது தங்கள் கையில் இருக்கிறது.

தங்கள் பதிலுக்காக அல்ல, தங்கள் உத்தரவுக்காகக் காத்திருக்கும்,

க. சௌதாமினி
(கையொப்பம்)

இடம்: முண்டியக்கால்
நாள்: 19.06.2023, திங்கள்

இணைப்பு: ஏதுமில்லை. இணைக்க வேண்டிய எண் தங்கள் கட்டிடத்திலேயே, தங்கள் அறைக்கு இரண்டு மாடி மேலே இருக்கிறது.